தெரிந்த இடம்

ஊசி ரெண்டும் இடது கையில் ஏறி, மெஷின் ஓடத் தொடங்கி, நர்ஸ் பெனிட்டா பிளாஸ்திரியை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, புஷ்பகனிக்கு நாலு மணி நேரம் சொந்தமாகக் கிடைத்தது. ஐம்பத்திரண்டு வயசில் இப்படிக் கையைக் காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்கிற பாக்கியம் எந்தப் பொம்பளைக்கு வாய்க்கும் என்று தன்னைத்தானே கேலி பண்ணிக்கொண்டாள். வாரத்துக்கு மூணு நாள், ரெண்டு வருஷமாக வாய்த்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் ஒரு குழாய் வழியாகப் போகிறது, மெஷினுக்குள் குளித்துவிட்டு இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. போகிறதும் அரக்கு, வருகிறதும் அரக்கு. தூத்துக்குடி மேட்சிங் சென்டரில் இருபத்திரண்டு வருஷம் ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுத்த கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை, அப்படியென்றால் வித்தியாசம் இல்லை, அவ்வளவுதான். இருந்தும் உள்ளே போன ரத்தத்தின் அழுக்கு எங்கேயோ கழன்றுபோகிறது. நல்லா இருக்கட்டும் இந்த மெஷினைக் கண்டுபிடித்த மகராசன், அவன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும். தாகம் நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டிவைத்திருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு, காலையிலேயே காப்பியோடு பாதி போய்விட்டது. தண்ணீரை நினைக்காதே. சரி, நினைக்கவில்லை. மூணாவது மாடியை நினை. மூணாவது மாடியில் லேப் ஜன்னலுக்கு முன்னால் வீட்டுக்காரர் லிங்கதுரை நின்றுகொண்டிருப்பார். ஒரு மணிக்குத்தான் ரிப்போர்ட் தருவோம் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள், இவிய பத்து மணிக்கே போய் நின்னாச்சு. முப்பது வருஷம் கடலுக்குப் போகிற போட்டு இஞ்சினோடு மல்லுக்கட்டின மனுசன், இஞ்சின் மாதிரி ஜன்னலையும் ரெண்டு தட்டுத் தட்டினால் வேலை நடந்துவிடும் என்று நினைப்பு. அந்தக் காகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அவருடைய கிட்னியை அவளுக்கு வைக்கலாமா கூடாதா, அது ஒன்றுதான். வைக்கலாம் என்றால் வியாழக்கிழமை ஆபரேஷன். கூடாது என்றால், அதை நினைக்காதே, தண்ணீரையே நினைத்துக்கொள்.

இதே ரிப்போர்ட் ஒரு தடவை வந்தது, போன மாசம். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் ஒண்ணாத்தான் வருகிறது. அன்றைக்கு ரெண்டு பேரும் தூத்துக்குடியில் வீட்டில் இருந்தார்கள். மதுரையிலிருந்து கோஆர்டினேட்டர் பிள்ளை போன் பண்ணி, “சார், கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்னு வந்திருக்கு, நேர்ல வாங்க, டாக்டர் பேசணும்னாங்க” என்றாள். பாசிட்டிவ்! மேட்ச்! லிங்கதுரைக்கு வேறென்ன வேண்டும். “ஏளா, மேட்ச் ஆயிட்டு! பாசிட்டிவாம்!” என்று கத்தின சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. கனிக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. வரும் எப்படி? மேட்ச் என்கிற வார்த்தையிலேயே சோறு தின்ற உடம்பு அது. ஒரு சேலை முந்தியின் நுனியில் ஒரே ஒரு நூலைப் பார்த்துவிட்டு, வெங்காயத்தோல் கலரில் பதினோரு துணி இருந்தால் அதில் எது என்று கைவைத்து எடுப்பாள். டியூப்லைட்டை நம்ப மாட்டாள். துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்து, ஆமா, மேட்ச், என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது, மொதலாளியே வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவளிடம் வந்து மேட்ச், அதுவும் பாசிட்டிவ் என்றால்! லிங்கதுரை கடைக்குப் போய் ரெண்டு கிலோ மக்ரூன் வாங்கி, மூணரை மணி நேரம் பஸ்ஸில் உடையாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வாசல் செக்யூரிட்டிக்கு ரெண்டு, லிப்ட்காரருக்கு ரெண்டு, நம்ம ஊர்ப் பிள்ளை என்று பெனிட்டாவுக்குக் கை நிறைய. கோஆர்டினேட்டர் பிள்ளை ஒரு மக்ரூனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல், முகம் சுண்டிப்போய் நின்றாள். “சார், பாசிட்டிவ்னா நல்லது இல்ல சார். உங்க செல்லை அம்மாவோட ரத்தத்துல கலந்து பாத்தோம். ஒட்டிப் பிடிச்சு அடிக்குது. அடிச்சா பாசிட்டிவ்.” லிங்கதுரை அந்த டப்பாவை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்பம் மேட்ச்னு ஏன் பேரு வச்சிய?” என்று கேட்டார். பாவம், அந்தப் பிள்ளையா பேர் வைத்தது? அவளும் நல்லா இருக்கட்டும். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, கனி பார்த்தாள். யாரோ ஒரு மனுசர் வாங்கி வந்த பலகாரத்துக்காகக் கண் கலங்குகிற பிள்ளைகளும் உலகத்தில் இருக்கிறார்கள்.

முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் என்னை அடிக்குதே உன் ரத்தம் என்று அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு வாயோடு நின்றது. டாக்டர் விடவில்லை. ரத்தம் சும்மா யாரையும் அடிக்காது, முன்னால் பார்த்திருக்க வேண்டும், எங்கே பார்த்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். இன்னொரு டெஸ்ட் எடுத்தார்கள். அதை அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை அவள் மறக்க மாட்டாள். நூறு குட்டி மணி, கண்ணுக்குத் தெரியாத மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சட்டை, ஒன்றுக்கு இருக்கிற சட்டை இன்னொன்றுக்குக் கிடையாது. உங்க ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புச் சத்தை அதுமேல ஊத்துவோம். எந்த மணியில போய் ஒட்டுதோ அது மட்டும் மினுங்கும். அட, நம்ம கடை ஷெல்பு! என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். நூறு துணி அடுக்கியிருக்கிறது, ஒரே ஒரு நூலை வைத்துக்கொண்டு அவள் ரத்தம் ஷெல்பு ஷெல்பாகத் தேடுகிறது, இது இல்லை, இது இல்லை, இது இல்லை, இந்தா இதுதான். முழுத் துணியையும்கூடப் பார்ப்பதில்லையாம். அந்தப் புரதத்தின் ஒரு ஓரம், ஒரு சின்ன மடிப்பு, அந்த இடம் மட்டும்தான் அதற்குத் தெரியுமாம். அந்த மடிப்பு இருந்தால் பிடிக்கும், ஒரு பொட்டு மாறியிருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ரத்தத்துக்கும் நம்ம உத்தியோகந்தான் போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ஒரு ஆளுக்கு இந்த அடையாளம் ரெண்டு பாதியா இருக்கும்மா, பிள்ளைக்கு அதுல ஒரு பாதிதான் போகும். உங்க மக சுபிதா ரத்தத்தையும் பாத்தோம்ல, அவளுக்கு அப்பாகிட்ட இருந்து போன பாதியை உங்க ரத்தம் ஒண்ணுமே செய்யல. போகாத பாதியைத்தான் பிடிக்குது. அந்தப் பாதியை அது எங்க பாத்துது? வெளி ரத்தம் ஏத்தியிருக்கீங்களா? இல்லை, ஒருநாளும் இல்லை. டாக்டர் பாரத்தைத் திருப்பினார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்ட இடத்தில் ஒன்று என்று இருந்தது. “நான் பிள்ளைங்க எத்தனைன்னு கேக்கலம்மா. எத்தனை தடவை உண்டாகியிருந்தீங்க?”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் ஒண்ணு என்பதுதான் சுபிதா பிறந்ததிலிருந்து அந்த வீட்டுப் பதில். ரேஷன் கார்டில் ஒண்ணு. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரி கேட்டால் ஒத்தப் பொம்பளப் பிள்ள. பிறந்து அழாத பிள்ளையைக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. சொன்னால் அடுத்ததுக்கு ஆகாது என்பார்கள், பிறகு அடுத்தது பிறந்துவிட்டால் அதற்கு ஆகாது என்பார்கள். முதல் பிள்ளை. ஆண். ஏழாம் மாசம். ரெண்டு நாளாக அசைவில்லையே என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள், வலி கொடுத்து எடுத்தார்கள், துண்டில் சுற்றினார்கள். அவள் கையை நீட்டினாள். மாமியார் குறுக்கே நின்று, பாக்கண்டாம்ளா, பாத்தா மறக்காது என்றார். அந்த அம்மாவும் கெட்டவளில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. லிங்கதுரைதான் துண்டோடு வாங்கிக்கொண்டு போனார். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்திருந்தாள். டாக்டர் முன்னால் ரெண்டு விரலைக் காட்டினாள். டாக்டர் பாரத்தில் எழுதினார். பிரசவ சமயத்துல பிள்ளையோட செல் கொஞ்சம் தாய் ரத்தத்துல கலக்கும்மா, அதைப் பாத்துப் படிச்சுவச்சுக்கும், அந்தப் பிள்ளைக்கு அப்பாவோட மத்த பாதி போயிருக்கு, அதான் விஷயம் என்றார். அவருக்கு அது விஷயம். அவளுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது. அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை என்றல்லவா இருந்தாள். போட்டோ கிடையாது, பேர் கிடையாது, கல்லு கிடையாது. கண்ணு பார்க்காததை ரத்தம் பார்த்திருக்கிறது. பார்த்து, ஒரு ஓரத்தை, ஒரு மடிப்பை மனப்பாடம் பண்ணி, இருபத்தெட்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது. “அந்தப் பாதின்னா, மூஞ்சி எப்பிடி இருக்கும் டாக்டர்?” என்று கேட்டாள் கோட்டிக்காரி மாதிரி. “மூஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா” என்றார் அவர், ஆனால் சிரிக்காமல் சொன்னார். அதற்கும் நன்றி.

கெண்டைக்காலில் பிடிக்கத் தொடங்கியது. மெஷின் தண்ணீரை இழுக்கிற நேரம் இது, கெண்டையில் ஒரு கயிறு முறுக்குகிற மாதிரி வரும். பாதத்தை மேலே தூக்கி, குதிகாலால் கட்டிலை அழுத்து, பெனிட்டா சொல்லிக்கொடுத்தது. விட்டுவிட்டது. ஆனால் காலை விட்ட கயிறு வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. அது தினமும் வருகிற ஒன்றுதான். அடிக்கிற ரத்தம் என்றால், அன்றைக்கு அவனையும் அடித்ததா? உள்ளே இருக்கும்போதே தெரிந்துகொண்டு, இவன் நம்ம ஆள் இல்லை என்று சொல்லி, ரெண்டு நாள் அசைவில்லாமல் போனதே, அது இதுவா? இதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டாள். இல்லம்மா, இது பிறகு வந்தது, முதல் பிரசவத்துல பிள்ளை வெளிய வரும்போதுதான் பெரும்பாலும் கலக்கும், பிள்ளை போனதுக்கு வேற காரணம், அப்ப ஸ்கேன் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்படியே இருந்தாலும் இந்த மாதிரி எதிர்ப்புச் சத்தைப் பிள்ளைகிட்ட போகவிடாம நஞ்சுக்கொடி வடிகட்டிப் பிடிச்சு வச்சுக்கும். பிறகு வந்தது. பிறகு வந்தது. இந்த ரெண்டு வார்த்தையை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாளோ. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், ரத்தமும் வேறுதான் போல, ஆனாலும் ஏழு மாசம் ஒரு சண்டை இல்லாமல் ஒண்ணாத்தானே இருந்தோம். ஒரு நாள் இதே கட்டிலில் கிடந்து பெனிட்டாவிடமும் கேட்டுவிட்டாள். பெனிட்டாவுக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தால் அதிகம், கல்யாணம்கூட ஆகவில்லை. குழாயைச் சரிபண்ணிக்கொண்டே, “எக்கா, கோழி மிதிச்சுக் குஞ்சு சாவுமா?” என்று ஒரே போடாகப் போட்டாள். டாக்டர் பத்து நிமிஷம் விளக்கியும் இறங்காத பாரம் அதில் பாதி இறங்கியது. மீதிப் பாதி இப்படிக் கெண்டைக்காலில் பிடிக்கும்போது வரும், பாதத்தைத் தூக்கினால் போகும்.

பிறகு கழுவினார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாளாக அஞ்சு தடவை, வேறு ஒரு மெஷினில் போட்டு, ரத்தத்திலிருந்து மஞ்சள் நீரை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு வேறு நீரை ஊற்றினார்கள். அவனைத் தெரிந்து வைத்திருந்த சத்தெல்லாம் அந்த மஞ்சளில்தான் இருக்கிறதாம். கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் அது சேர்ந்தது. மாம்பழக் கலர் என்று சொல்ல முடியாது, சந்தனமும் இல்லை, அவள் கடையில் அந்த நிறத்தில் துணி வந்ததில்லை. முதல் நாள் அந்தப் பை நிறைந்ததைக் கொண்டுபோனபோது அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எங்கே கொண்டுபோறீங்க என்று கேட்டாள். கழிவுக்கு என்றான் ஊழியன். ஒரு தடவை துண்டில் சுற்றிக் கொண்டுபோனார்கள், இப்போது பையில். தான் பிழைக்க வேண்டும் என்பதற்காக, அவனைத் தெரிந்த ஒரே சாட்சியைக் கழுவி ஊற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. பொல்லாத சாட்சிதான், உயிருக்கு உலை வைக்கிற சாட்சி, ஆனாலும் சாட்சி. மூணாவது தடவை டாக்டரிடமே கேட்டுவிட்டாள். “எல்லாம் போயிருமா டாக்டர்? ஒண்ணும் மிஞ்சாதா?” அவர் அவள் பயத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். “முழுசாப் போகாதும்மா, அதான் கஷ்டமே. இந்தச் சத்தைக் கழுவிடலாம். ஆனா இதை உண்டாக்குற செல்லு இருக்கே, அதுல சிலது எலும்புக்குள்ள போய் ஒக்காந்துரும். அது மறக்காது. மாத்திரை குடுத்துத் தூங்க வைக்கிறோம், முழிக்காமப் பாத்துக்கிறோம், ஆயுசுக்கும் மாத்திரை.” கெட்ட செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார். கனி கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்குக் கும்பிடுகிறாள் என்று அவருக்கு விளங்கியிருக்காது. மறக்காது, தூங்கும். அது போதும். எலும்புக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அவன் தூங்கட்டும், அவனைத் தெரிந்ததும் தூங்கட்டும், காலையும் மாலையும் மாத்திரை போட்டால் அது தாலாட்டுகிற கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். நல்லா இரு ரத்தமே. உன்னைக் கும்பிடத்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் அடங்கி இரு.

கட்டில் ஓரத்தில் போன் அதிர்ந்தது. வலது கையால் எடுத்தாள். சுபிதா, திருப்பூரிலிருந்து. “அம்மா, ரிப்போர்ட் வந்துட்டா?” பின்னால் பேரன் எதையோ போட்டு உடைக்கிற சத்தம், பத்து மாசம், தவழ்ந்து தவழ்ந்து வீட்டை ரெண்டாக்குகிறானாம். “இன்னும் இல்ல மக்கா, அப்பா மேல நிக்காவ.” “சரியில்லன்னா நான் வாரேம்மா. எனக்குத்தான் ஒண்ணும் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டார்லா. உன் ரத்தம் என்னைய அடிக்காதாம்.” அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு செல்லம் இருந்தது, பார்த்தியா உனக்கு என்னையத்தான் பிடிச்சிருக்கு என்கிற மாதிரி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்த கழுதை இது. பால்குடி மறக்காத பிள்ளை இடுப்பில், அடுத்து ஒன்று பெத்துக்கிடணும் என்று ஆசை மனசில், வயிற்றைக் கிழித்து ஒரு கிட்னியை எடுத்துக் கொடுக்கிறேன் என்கிறாள். மாமியார் வீட்டில் வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை, திறக்காததே பெரிசு. கொடுப்பாள், சத்தியமாகக் கொடுப்பாள், அதுதான் பயம். இவியளது கூடாது என்று இன்றைக்கு வந்துவிட்டால் நாளைக்கே பஸ் ஏறிவிடுவாள். அப்போது கனி வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் இந்த மெஷின்தான், எத்தனை வருஷமோ, போன மாசம் பக்கத்துக் கட்டிலில் கிடந்த வாத்தியார் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கட்டில் விரிப்பை மாற்றினார்கள். பேரன் நடக்கிறதைப் பார்க்க வேண்டும். அதிகம் கேட்கவில்லை, நடக்கிறது, ஓடுகிறது, ஸ்கூல் பையைத் தூக்குகிறது. “நீ பிள்ளையப் பாரு. அவன் எதையோ உடைக்கான்” என்று போனை வைத்தாள்.

மணி பன்னிரண்டரை. மெஷின் ஓடுகிறது. அந்த மனுசனுக்கு மட்டும் என்ன ஞாபகம் இருக்கிறது? இதுதான் அடியில் கிடக்கிற முள், இவ்வளவு நன்றி சொன்ன பிறகும் குத்துகிறது. அன்றைக்கு பாரம் எழுதும்போது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதும், ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்காமல், ஒண்ணு என்றார். அவளும்தான் சும்மா இருந்தாள், அது வேறு, அவள் மனசுக்குள் ரெண்டு என்று சொல்லிக்கொண்டுதான் சும்மா இருந்தாள். அவருக்கு அது வழுக்கிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரு பேச்சு? வருஷா வருஷம் ஐப்பசி வரும், அந்த நாள் வரும், அவள் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவாள், அவர் பேப்பரில் கப்பல் வந்த விவரம் படித்துக்கொண்டிருப்பார். ஆம்பளை மனசு, படகு போன தண்ணீர் மாதிரி மூடிக்கொள்ளும். குறை சொல்லலாமா? இந்தா, தன் உடம்பிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுக்க ரெண்டரை மணி நேரமாக ஜன்னலில் நிற்கிறார். பீடியை விட்டார், ஆறு கிலோ குறைத்தார், ஊசி என்றால் முகத்தைத் திருப்புகிறவர் இருபது தடவை கையை நீட்டினார். கெட்டவன் என்று சொன்ன வாய் அழுகிப்போகும். ஆனாலும் மறந்துவிட்டார். மறக்கட்டும், எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தால் வீடு எப்படி நடக்கும். எனக்கு என் ரத்தம் இருக்கிறது. இல்லை, அதையும் தூங்கப் போட்டாச்சே. சரி, எனக்கு எலும்பு இருக்கிறது. இப்படி நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, உதடு வறண்டிருந்ததால் சிரிப்பு வலித்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. டயாலிசிஸ் ரூமுக்குள் செருப்பு போடக்கூடாது. கதவிலேயே பெனிட்டா, “அண்ணாச்சி, செருப்பு!” என்று தடுத்தாள். லிங்கதுரை ஒரு செருப்பைக் கழற்றினார், ஒன்றைக் கழற்ற மறந்தார், காகிதத்தை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை, அதான் விஷயம். “நெகட்டிவ்னு போட்டிருக்கு” என்றார் அடிக்குரலில், சாவுச் செய்தி சொல்கிற மாதிரி. “நெகட்டிவ்னா இப்பம் என்ன? நல்லதா? மேல கேக்கப் பயமா இருந்துச்சு. நீ சொல்லு பிள்ள.” பெனிட்டா காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தாள். அந்த நேரத்தில் கனிக்கு மெஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை. பெனிட்டா, “எக்கா, அடிக்கல. ஒண்ணுமே பண்ணல. சும்மா இருக்கு உங்க ரத்தம்” என்றாள், சொல்லி முடிக்கும் முன்னால் அவளுக்கே மூக்கு சிவந்துவிட்டது. “வியாழக்கிழமை ஆபரேஷன்தான். அண்ணாச்சி, இப்பம் வாங்குங்க மக்ரூன்!” லிங்கதுரை ஒற்றைச் செருப்போடு ஒரு கையால் கட்டில் கம்பியையும் மறு கையால் அவள் வலது கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கனி கண்ணை மூடிக்கொண்டாள். முருகா, செல்வமே, டாக்டரே, மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு போன பையனே, எல்லாரும் நல்லா இருங்க. பொறுத்துக்கிட்டியே ரத்தமே, நீயும் நல்லா இரு.

“எங்கன வைப்பாங்க பிள்ள?” என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமல். “முதுகக் கிழிப்பாங்களா?” இந்த ரெண்டு வருஷத்தில் அவள் இதைக் கேட்டதேயில்லை. கேட்டால் நடக்காமல் போய்விடும் என்று ஒரு பயம். “முதுகுல இல்லக்கா. பழசு ரெண்டும் அங்கனயே கெடக்கும், அதை எடுக்க மாட்டாங்க. புதுச வயித்துல வைப்பாங்க, முன்னால.” பெனிட்டா போர்வைக்கு மேலேயே வலது அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக, விரலை வைத்தாள். “இங்கன. தொட்டுப் பாத்தா கைக்கே தட்டுப்படும். கொஞ்ச நாளைக்கு பிள்ளைத்தாச்சி மாதிரி பைய நடக்கணும், அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலில் மணி அடித்ததால் ஓடினாள். கனி அந்த விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இவியளோட ரெண்டு பாதியும் அந்தக் கிட்னிக்குள் இருக்கும். மகளுக்குப் போன பாதியும் இருக்கும், அவனுக்குப் போன பாதியும் இருக்கும். அந்த ஓரம், அந்த மடிப்பு, அவள் ரத்தம் ஒரே ஒரு தடவை பார்த்துப் படித்துவைத்த அந்த இடம், திரும்பி வந்து இங்கேயே இருக்கப் போகிறது. ரத்தம் அதைச் சுற்றிச் சுற்றிப் போகும், நாளெல்லாம் போகும், அடிக்காமல் போகும். கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போனது. ஒரு கையில் ஊசி, ஒரு கை அவர் பிடியில், துடைக்க வழியில்லை.

“ஏளா, எதுக்கு அழுவுத? நல்லதுதான சொல்லிச்சு அந்தப் பிள்ள” என்றார் லிங்கதுரை. சும்மா இருந்திருக்கலாம், இருபத்தெட்டு வருஷம் இருந்த மாதிரி. ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. “இந்தப் பக்கந்தாங்க அவன் கெடந்தான்” என்றாள். யார், என்ன என்று கேட்பார், கேட்டால் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தெரியும்ளா” என்றார். “காலைல போட்டுக்குக் கெளம்பும்போது கை வச்சுப் பாத்துட்டுத்தான போவேன். நீ தூங்கிட்டிருப்ப. ரெண்டு மிதி மிதிப்பான், மூணாவது மிதிக்கு நிக்க மாட்டான், நின்னா சோலிக்கு நேரமாயிரும்னு நானே கைய எடுத்துருவேன். ஒரு நா மூணாவதுக்கு நின்னிருக்கலாம்.” கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு, சட்டைக்கையால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு, “காது எங்கப்பா காது மாதிரி இருந்துச்சு, கீழ ஒட்டிக்கிட்டு” என்றார்.

கனி அவர் கையை விடவில்லை. “சொல்லுங்க” என்றாள். “மெஷின் நிக்க இன்னும் இருவது நிமிசம் இருக்கு.”